இரவு 2.10க்குப் போடப்பட்ட ஏழு ஊசிகள்

கேள்வி: கடலூரில் நாற்பது படுக்கைகள் கொண்ட எங்கள் மருத்துவமனையை என் மாமனார் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. நிர்வாகத்தை நான் கவனித்துவருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கான மென்பொருளை வாங்கினோம். பில்லிங், மருந்தகம், லேப் ஆகிய மூன்றும் நன்றாக ஓடுகின்றன. நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளை எழுதும் கேஸ் ஷீட் மட்டும் ஓடவில்லை. நர்சுகள் தாளிலும் எழுதி, பிறகு கணினியிலும் ஏற்றுகிறார்கள். மாலையில் புதுச்சேரியிலிருந்து வந்துபோகும் சிறப்பு மருத்துவர்கள் நால்வரும் கணினியைத் தொடுவதே இல்லை. 71 வயதாகும் என் மாமனாரும் தொடுவதில்லை. ஏற்றாதவர்களுக்கு அபராதம் விதிக்கலாமா, அல்லது மென்பொருளையே மாற்றிவிடலாமா? நோயாளிகளுக்கு ஆபா என்ற டிஜிட்டல் சுகாதார அடையாள எண் கட்டாயமா? பின்பக்கக் கொட்டகையில் பதினெட்டு ஆண்டு ஃபைல்கள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றித் தருவதாக ஒரு நிறுவனம் விலை சொல்லியிருக்கிறது, ஒப்புக்கொள்ளலாமா? கணினியிலிருந்து எடுத்த இரண்டு பக்கங்களை இணைத்துள்ளேன். – ஒரு வாசகி, கடலூர்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். அபராதம் வேண்டாம். மென்பொருளை மாற்றுவதும் இப்போதைக்கு வேண்டாம். இவ்விரண்டையும் முதலில் சொல்லிவிடுவதற்குக் காரணம் நீங்கள் இணைத்து அனுப்பிய அந்த இரண்டு பக்கங்கள்தான். புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், கடிதத்தைவிட அந்தப் பக்கங்களையே நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் பெயர்களைக் கருப்பு மையால் அழித்து அனுப்பியிருந்தீர்கள். மிக நல்ல வழக்கம். ஐ.பி. (உள்நோயாளி) எண்களை அழிக்க மறந்துவிட்டீர்கள். அடுத்த முறை அவற்றையும் அழித்துவிடுங்கள்.

இரண்டாம் பக்கத்தில், ஆண்கள் வார்டில் ஏழு நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போடப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. முதல் பதிவின் நேரம் இரவு 2.10, ஏழாவது பதிவின் நேரம் 2.14. நான்கு நிமிடங்களில் ஏழு பேருக்கு மருந்து கரைத்து, நரம்பு ஊசி வழியே மெதுவாகச் செலுத்தி முடித்த நர்ஸ் எவரும் இந்த உலகில் இல்லை. நடந்தது என்னவென்று உங்களுக்கும் தெரியும். மாலை ஆறு மணிக்குப் போட்ட ஊசியை மாலை ஷிஃப்ட் நர்ஸ் தாள் சார்ட்டில் குறித்துக் கையெழுத்திட்டுச் சென்றார். வார்டு அடங்கிய பிறகு இரவு ஷிஃப்ட் நர்ஸ் அந்தச் சார்ட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றினார். அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை, சொன்னதைச் செய்தார். ஆனால் தாள் ஆறு மணி என்கிறது, கணினி இரண்டு பத்து என்கிறது, ஊசி போட்டவர் ஒருவர், பதிவில் பெயர் இருப்பவர் இன்னொருவர்.

இதை வெறும் அலுவலகக் குறைபாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு பத்து மணிக்கு ஒரு டியூட்டி டாக்டர் கணினியைத் திறந்து பார்த்தால், ஆறு மணி ஊசி போடப்படவே இல்லை என்றுதான் திரை காட்டும். அவர் புதியவராக இருந்து, தாள் சார்ட்டைத் தேடாமல் இன்னொரு முறை போடச் சொன்னால், அந்த இரண்டாவது ஊசிக்குக் காரணம் உங்கள் மென்பொருளும் அல்ல, அவரும் அல்ல. ஒரே செய்திக்கு இரண்டு இடங்களை வைத்திருக்கும் நிர்வாக ஏற்பாடுதான். வழக்கு என்று வந்தாலும் இதே சிக்கல்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்கீழ் மின்னணுப் பதிவைச் சான்றிதழுடன் நீதிமன்றத்தில் முன்வைக்க வேண்டியிருக்கும். முரண்பட்ட இரு நேரங்களைக் காட்டும் மருத்துவமனையிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எனவே, வரும் திங்கட்கிழமை முதல் செய்ய வேண்டியது இது: இரட்டை எழுத்தை நிறுத்துங்கள். உங்கள் மருத்துவமனையில் புழங்கும் ஒவ்வொரு தாளையும், ஓ.பி. (புறநோயாளி) சீட்டு, அட்மிஷன் படிவம், சம்மதப் படிவம், நர்சிங் சார்ட், மருந்துச் சார்ட், ரவுண்ட்ஸ் குறிப்பு, லேப் கோரிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லாவற்றையும், ஒரு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே இடத்தை முடிவு செய்யுங்கள். தாள் என்றால் தாள் மட்டும். கணினி என்றால் கணினி மட்டும். ஒரு செய்தி ஒரே ஒரு முறை, அது நடக்கும் இடத்திலேயே, அதைச் செய்தவர் கையாலேயே எழுதப்பட வேண்டும் என்பதைத் தவிர இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த பெரிய விதி வேறொன்றும் இல்லை. இப்போதைக்கு மருந்துச் சார்ட் தாளிலேயே இருக்கட்டும். மென்பொருள்காரர் முகம் சுளிப்பார். 'பின்னோக்கிப் போகிறீர்களே' என்பார். நர்சுகளுக்கு இரவில் ஒன்றரை மணி நேரம் திரும்பக் கிடைக்கும். அவர்களுடைய நம்பிக்கையும் கூடவே திரும்பும். அது இல்லாமல் அடுத்த படி எடுத்துவைக்க முடியாது.

அபராதத்தை நான் ஏன் மறுக்கிறேன் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. நான் ஆலோசனை கூறிவந்த ஒரு மருத்துவமனையில், மாத இறுதியில் நூற்றுக்கு நூறு பதிவு இருக்க வேண்டும், குறைந்தால் ஊக்கத்தொகை கிடையாது என்று நிர்வாகம் அறிவித்தது. அடுத்த மாதமே நூற்றுக்கு நூறு வந்துவிட்டது. சந்தேகப்பட்டு இருபது கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் படித்தேன். சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்த ஒரு பெரியவருக்கு, 'இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு இயல்பாக உள்ளது' என்று ஐந்து நாட்களும் பதிவாகியிருந்தது. முதல் நாள் யாரோ ஆயத்த வாசகத்தை அழுத்தியிருக்கிறார்கள். மற்ற நான்கு நாட்களும் முந்தைய நாள் குறிப்பு அப்படியே நகலாகியிருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சுகிறவர் கட்டங்களை நிரப்புவார், அவ்வளவுதான். காலியாக இருக்கும் கட்டம் 'இங்கே யாரும் பார்க்கவில்லை' என்ற உண்மையையாவது சொல்கிறது. பொய்யாக நிரம்பிய கட்டம் அதையும் மறைத்துவிடுகிறது.

அடுத்து, புதுச்சேரியிலிருந்து வரும் மருத்துவர்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று முடிவு செய்வதற்கு முன்பு, ஒரு மாலை ஓ.பி.யில் கையில் கடிகாரத்துடன் உட்காருங்கள். ஒரு நோயாளிக்குக் கூடுதலாக ஒரே ஒரு நிமிடம் தட்டச்சுக்குப் போனாலும், அறுபது பேர் பார்க்கும் மாலையில் அது முழுதாக ஒரு மணி நேரம். எட்டரைக்கு எழுந்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர வேண்டியவர் ஒன்பதரைக்குத்தான் காரில் ஏறுவார். உங்கள் மென்பொருளிலோ ஒரு மருந்து எழுத எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாராசிட்டமால் என்று தேடினால் முப்பது பிராண்டுகள் வரிசையாக விழுகின்றனவா, உங்கள் மருந்தகத்தில் இருக்கும் இரண்டு மட்டும் மேலே வருகின்றனவா? இந்த ஒரு கேள்வியில் பாதிச் சிக்கல் அடங்கியிருக்கிறது.

இது நம் ஊரின் நோயும் அல்ல. அமெரிக்காவில் மருத்துவர்களைப் பக்கத்தில் இருந்து கவனித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியுடன் நேரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பதிவேட்டுக்கும் மேசை வேலைக்கும் போவதாகக் கண்டது. லாஸ் ஏஞ்சலீஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனை, மருத்துவர்களே கணினியில் ஆணைகளை இட வேண்டும் என்று கொண்டுவந்த அமைப்பை, நூற்றுக்கணக்கான மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பின் 2003 ஜனவரியில் நிறுத்திவைத்தது. அவர்களிடம் பணத்துக்கும் பஞ்சமில்லை, பொறியாளர்களுக்கும் பஞ்சமில்லை.

ஆகவே ஓ.பி. குறிப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மருத்துவர் தம் கையால் ஓ.பி. சீட்டில் எழுதட்டும், நோயாளி மருந்தகத்துக்குப் போகும் வழியிலேயே கவுண்டரில் இருப்பவர் அந்தச் சீட்டை ஸ்கேன் செய்து அவருடைய பதிவில் சேர்த்துவிடட்டும். கையெழுத்தின் படத்தில் சொல் தேட முடியாது என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அடுத்த முறை நோயாளி வரும்போது போன முறை எழுதியது திரையில் தெரியும். அதுவே இன்று உங்களிடம் இல்லை. மருத்துவரைக் கணினிப் பக்கம் இழுப்பதற்கு வேறொரு வழி இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவருடைய கிரியேட்டினின் அளவுகள் ஓராண்டாக எப்படி ஏறி வந்திருக்கின்றன என்பதை ஒரே கோட்டு வரைபடமாக, அவர் கேட்காமலேயே, நோயாளி உள்ளே வரும்போது திரையில் வைத்துவிடுங்கள். உங்கள் லேப் எட்டு மாதங்களாக ஒழுங்காக ஓடுவதால் இதற்கு வேண்டிய தரவு ஓரளவு சேர்ந்திருக்கும். பலன் கிடைக்கிறது என்று தெரிந்தால் அவர்களே கணினியை நோக்கிக் கை நீட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் எந்தச் சுற்றறிக்கையும் பலிக்காது.

உங்கள் மாமனாரை விட்டுவிடுங்கள். 71 வயதில் அவர் தட்டச்சுப் பழக வேண்டியதில்லை. அவர் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த நர்ஸ் ஒருவர் நிச்சயம் உங்களிடம் இருப்பார். அவர் பக்கத்தில் நின்று ஏற்ற, பெரியவர் படித்துப் பார்த்துத் தம் சொந்தக் கடவுச்சொல்லால் ஒப்புதல் அளித்தால் போதும். அந்த ஒப்புதலை மட்டும் இன்னொருவர் செய்யக் கூடாது. அவருடைய கடவுச்சொல்லை நர்சுக்குக் கொடுத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில்தான் உறுதியாக இருக்க வேண்டும்.

கடவுச்சொல் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைக் கேட்கிறேன்: வார்டு கணினியின் திரை விளிம்பில் வெள்ளை பிளாஸ்திரியில் எழுதி ஏதாவது ஒட்டியிருக்கிறதா? பெரும்பாலான நர்சிங் ஸ்டேஷன்களில் ஒட்டியிருக்கும். 'டியூட்டி' என்று ஒரு பொதுப்பெயர், அதற்கு ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று ஒரு கடவுச்சொல், மூன்று ஷிஃப்டுக்கும் அதுவே. ஆளாளுக்குத் தனிப்பெயர் கொடுங்கள். உள்ளே நுழையப் பத்து வினாடிக்கு மேல் ஆனால் மறுபடியும் பொதுப்பெயருக்கே போய்விடுவார்கள். ஆகவே அடையாள அட்டையைக் காட்டியோ விரல் வைத்தோ நுழையும் வசதியை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

இனி எதிலிருந்து தொடங்குவது? டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து என்பேன். அது ஒரு நாளைக்கு ஆறேழு பேருக்கு மட்டும் எழுதப்படுவது. லேப் முடிவுகள் தாமாக வந்து உட்காரக்கூடியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் எப்படியும் அனுப்பியாக வேண்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி கையோடு கொண்டுபோவது. அதன் இரண்டாம் பக்கத்தைத் தமிழில் அச்சிடுங்கள். 'ஒன்று - பூஜ்யம் - ஒன்று' என்று ஆங்கிலப் பக்கத்தில் இருப்பதை, காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு, இத்தனை நாள் என்று பெரிய எழுத்தில் ஒரு கட்டமாகப் போடுங்கள். எந்த மருந்தை நிறுத்திவிட்டோம் என்பதையும் அதில் எழுதுங்கள். பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தலை சுற்றி வருகிறவர்களை உங்கள் அவசரப் பிரிவு மாதந்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மென்பொருளில் தமிழ் எழுத்துரு அச்சில் உடைகிறது என்று காரணம் சொல்வார்கள். யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அதை ஏற்க வேண்டியதில்லை.

அடுத்ததுதான் மருந்துச் சார்ட். அதைக் கணினிக்கு மாற்ற வேண்டுமானால், கணினி நர்சிங் ஸ்டேஷனில் இருந்து பயனில்லை. படுக்கை அருகே போக வேண்டும். கணினி வைத்த தள்ளுவண்டி வார்டுக்கு ஒன்று, கடைசிப் படுக்கை வரை அறுந்துபோகாத வைஃபை, இரண்டும் தயாரான பிறகு, ஒரே ஒரு வார்டில் ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள். மழையும் காய்ச்சலும் சேர்ந்து படுக்கை நிரம்பிக் கிடக்கும் நேரத்தில் எந்தப் புது வழக்கமும் ஊன்றாது. பொங்கல் கழித்துத் தை மாதத்தில் தொடங்கி, ஒரு வார்டு ஆறு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு அடுத்த வார்டுக்குப் போகலாம். பயிற்சியை ஞாயிற்றுக்கிழமை அரங்கில் நான்கு மணி நேரம் நடத்தி, பொட்டலச் சாப்பாடு கொடுத்து அனுப்பிவைக்கிற வழக்கத்தால் எனக்குத் தெரிந்து எவரும் எதையும் கற்றதில்லை. ஷிஃப்டுக்கு நடுவே அரை மணி நேரம், வார்டிலேயே, உண்மையான வேலையில் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுப்பவராகக் கணினி நன்றாகத் தெரிந்தவரைத் தேடாதீர்கள். சந்தேகம் வந்தால் மற்ற நர்சுகள் யாரிடம் போய் நிற்கிறார்களோ அவரைத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் பகுதியில் இது தனிச் சிக்கல். ஒரே நோயாளிக்கு எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்த்தீர்களா? கடலூரில் குமார் என்றால் ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்குவார். ஆற்றைக் கடந்து புதுச்சேரிக்குப் போனால் பிரெஞ்சு வழக்கத்தால் அதே குமார் 'சி, ஓ, யு' என்று தொடங்குவார். முருகனோ 'எம், ஓ, யு' என்று தொடங்கி, கடைசியில் ஒரு 'இ'யையும் வாலாகச் சேர்த்துக்கொள்வார். ரெட்டிச்சாவடியிலும் பாகூரிலும் உறவுகளைப் பிரித்து வைத்திருக்கும் ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்துமுறை, தம்பிக்கு இன்னொன்று. கனிமொழியின் ழகரத்தை எப்படி எழுதுவது என்பது கவுண்டரில் அன்று யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தொலைபேசி எண்ணை வைத்துத் தேடினால், மகனின் ஒரே எண்ணில் அப்பா, அம்மா, பாட்டி, மனைவி என்று நால்வர் நிற்பார்கள். வயதைக் கேட்டால் 'அறுபது இருக்கும்' என்பார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்தாலும் அதே அறுபதுதான்.

இவற்றைவிட ஆபத்தானது தலைப்பெழுத்து. முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த ஒரு பெண், தந்தையின் தலைப்பெழுத்துடன் 'எம். லட்சுமி' என்று பதிவாகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ்; குழந்தைக்குப் பாசிட்டிவ்; அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராமல் தடுக்கப் பிரசவத்துக்குப் பின் ஆன்டி-டி ஊசி போடப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது பிரசவத்துக்கு வரும்போது ஆதாரில் கணவரின் தலைப்பெழுத்து ஏறியிருக்கிறது, கவுண்டரில் 'கே. லட்சுமி' என்று புது எண் போடுகிறார்கள். முந்தைய ஊசி போடப்பட்டதா இல்லையா என்பது, பத்தடி தூரத்தில் அதே கணினிக்குள் இருந்தும், பிரசவ அறையில் இருப்பவருக்குத் தெரியாது. தாள் ஃபைல் காலத்தில் பழைய ஆயா ஒருவர் முகத்தைப் பார்த்து 'நீ இன்னார் பொண்ணுதானே' என்று சொல்லிப் பழைய ஃபைலைத் தேடி எடுத்துவந்துவிடுவார். கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. நாம்தான் ஏற்படுத்த வேண்டும்.

ஆகவே, புது எண் போடும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, 'இதற்கு முன் இங்கே வந்திருக்கிறீர்களா, உங்கள் அம்மா வீட்டுப் பெயரில் பதிவு இருக்கிறதா' என்று கவுண்டரில் கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். தந்தை பெயர், கணவர் பெயர் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம், ஊர், பிறந்த ஆண்டு, தமிழில் பெயர் ஆகியவை இருக்கட்டும். தமிழ் எழுத்தில் குமார் ஒருவர்தான், ஆங்கிலத்தில்தான் இருவராகிறார். இரட்டை எண்களை இணைக்கும் அதிகாரத்தைப் பதிவேட்டுப் பிரிவில் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். தவறாக இணைத்துவிட்டால் இருவரின் ரத்த வகை ஒன்றாகிவிடும், அது இரட்டை எண்ணைவிட மோசம்.

ஆபா எண்ணும் இதே இடத்தில்தான் உங்களுக்கு உதவும். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் பதினான்கு இலக்க எண் அது. நோயாளிக்குக் கட்டாயம் இல்லை. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை முறையில் இத்திட்டம் தொடங்கியபோது புதுச்சேரியும் அவற்றுள் ஒன்று. நாடு முழுவதற்கும் 2021 செப்டம்பர் 27இல் வந்தது. ஆகையால் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உங்கள் நோயாளிகள் சிலரிடம் இது முன்பே இருக்க வாய்ப்பு உண்டு. கேட்டு, கொடுத்தால் குறித்துக்கொள்ளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், பதிவை வேறு மருத்துவமனையுடன் பகிர்வது அவர் சம்மதித்தால் மட்டுமே என்பதைத் தமிழில் ஒரு பலகையாக எழுதிக் கவுண்டருக்கு மேலே மாட்டுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நாற்பது படுக்கை மருத்துவமனைக்கு அவ்வளவு பெரிய தொகை வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. லேப் ரிப்போர்ட்டை ஊழியரின் சொந்த வாட்ஸ்அப்பிலிருந்து நோயாளியின் மைத்துனருக்கு அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்த இது ஒரு காரணமாக இருக்கட்டும்.

மென்பொருளை மாற்றுவது பற்றி: இப்போது மாற்றினால் இதே இரட்டை எழுத்துடன் வேறொரு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். நாளை பிரிய நேர்ந்தால் எல்லா நோயாளிகளின் பதிவையும், வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில், எத்தனை நாளில், எந்தக் கட்டணத்தில் திருப்பித் தருவார்கள் என்ற பிரிவு இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பு எழுதி வாங்குங்கள். கட்டணம் செலுத்திய பிறகு உங்கள் கடிதத்துக்குப் பதில் வராது. மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய மின்னணு நலப் பதிவேட்டுத் தரநிலைகளை அவர்கள் பின்பற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். நோய்க்குறியீடுகளுக்கான ஸ்னோமெட் சி.டி. தொகுப்பு இந்தியாவுக்குள் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கிடைக்கிறது. அதன் உரிமத்துக்கென்று தனியாகப் பில் போட்டால் விளக்கம் கேட்கலாம்.

மின்சாரத்தையும் மழையையும் கடலூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையேறிய பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. 2024இல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை கரைமீறி வந்தது. சர்வர் தரைத்தளத்தில் இருந்தால் மேல்மாடிக்கு ஏற்றுங்கள். ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருந்தால் அதற்கும் ஒரு மேடை கட்டுங்கள். புயல் மட்டும்தான் காரணம் என்பதும் இல்லை: 2022 நவம்பர் 23இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஏறக்குறைய இரண்டு வாரம் ஓ.பி. முதல் லேப் வரை கையால் எழுதியே நடந்தது. எனவே, ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் வார்டுக்கு ஒரு தாள் தானாக அச்சாகட்டும்: படுக்கை எண், பெயர், ஒவ்வாமை, இப்போது ஓடும் மருந்துகள், அடுத்த வேளை எப்போது. கணினி நின்றால் அந்தத் தாள்தான் பதிவேடு. அடுத்த தாள் வந்ததும் பழையதைக் கிழித்துப்போட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இரட்டைப் பதிவேடு ஆகிவிடும். காப்புப் பிரதிகளில் ஒன்றாவது கணினியோடு இணைக்கப்படாமல், மருத்துவமனைக்கு வெளியே இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். மீட்டுக் காட்டச் சொன்னால் சிலர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்வார்கள்.

கடைசியாக, கொட்டகையில் இருக்கும் பதினெட்டு ஆண்டு ஃபைல்கள். ஸ்கேன் நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள், உள்நோயாளி பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் சொல்கின்றன. அதற்கு மேற்பட்டவற்றில் விபத்து, காவல்துறை சம்பந்தப்பட்ட எம்.எல்.சி. ஃபைல்களையும், வழக்கோ காப்பீட்டுத் தகராறோ நிலுவையில் உள்ளவற்றையும், பிரசவம், குழந்தைகள் ஃபைல்களையும் தனியே பிரித்துப் பத்திரப்படுத்துங்கள். மற்றவற்றை அழிப்பதற்கு முன்பு உங்கள் வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பழைய நோயாளி ஒருவர் திரும்ப வரும்போது, அவருடைய ஃபைலை மட்டும் எடுத்து, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் அறுவைச் சிகிச்சைக் குறிப்பையும் ஒவ்வாமை விவரத்தையும் ஸ்கேன் செய்து சேர்த்தால் போதும். திரும்பியே வராதவரின் காய்ச்சல் சார்ட்டை ஸ்கேன் செய்ய எதற்குப் பணம்? ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள். 2024 வெள்ளத்தில் அந்தக் கொட்டகைச் சுவரில் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதன் கறை இன்னும் இருக்குமானால், மழைக்கு முன்பே எல்லா ஃபைல்களையும் அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். முதலில் எம்.எல்.சி. கட்டுகள், பிறகு பிரசவக் கட்டுகள்.